உறைந்த அருவியும் உயிரின் உரிமையும்

அருவி என்றவுடன் தமிழர் உள்ளத்தில் எழுவது நீராட்டு. குற்றாலச் சாரலை ஒருமுறை நுகர்ந்தவரிடம், அருவி கல்போல் இறுகி அசைவற்று நிற்கும் என்று கூறினால் நகைப்பர். ஆயினும் இமாசலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும், அமெரிக்காவின் கொலராடோ மலைகளிலும், கனடாவின் ராக்கி மலைத்தொடரிலும் குளிர்காலந்தோறும் அருவிகள் அவ்வாறே நிற்கின்றன. அவற்றின்மீது மனிதர் ஏறுகின்றனர். பொன் தேடி அன்று. மூலிகை தேடி அன்று. அப்பால் ஓர் ஊர் இருப்பதாலும் அன்று. ஏறுவதற்காகவே ஏறுகின்றனர். அவ்வாறு ஏறியோருள் சிலர் மீள்வதில்லை. பயன் ஏதும் கருதாது, உள்ளக் கிளர்ச்சி ஒன்றிற்காக உயிரைப் பணயம் வைத்தல் அறத்திற்கு உடன்பாடான செயலா?

அலுவலகமும் அங்காடியுமாக வாழும் நமக்கு இவ்வினா எதற்கு என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். நம் பிள்ளைகள் வடபுலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஓரிரவுப் பேருந்துப் பயணத்தில் அவர்களுக்கு இமயம் எட்டிவிடுகிறது. உத்தரகாசியில் 1965 முதல் இயங்கிவரும் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் பெயர் நமக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டாண்டா சிகரத்தில் அந்நிலையத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் அவர்கள் அறிவர். அறிந்தும் செல்ல விழைகின்றனர். ஆகவே வினா நம் வாயிற்படியிலேயே நிற்கிறது.

செயலின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அறியாது பழித்தல் எளிது. ஏறுபவர் இரு கைகளிலும் வளைந்த அலகுடைய சிறு பனிக்கோடரிகளை ஏந்துகிறார். காலணியின் அடியில் இரும்பு முட்கள் பொருந்திய சட்டத்தை இறுக்கிக் கட்டுகிறார்; கிராம்பான் என்பது அதன் பெயர். கோடரியை வீசிப் பதித்து, முன்முட்களை உதைத்து ஊன்றி, விரற்கடை அளவே உள்ளிறங்கிய இரும்பின்மேல் உடல் முழுவதையும் நிறுத்தி, அடுத்த வீச்சிற்கு ஆயத்தமாகிறார். இடையிடையே குழல்போன்ற திருகாணிகளைப் பனிக்கட்டியில் முறுக்கிச் செலுத்தி, அவற்றில் தம் கயிற்றைக் கோத்துக்கொள்கிறார். கீழே ஒருவர் அக்கயிற்றைப் பிடித்து நிற்கிறார்.

பண்டைய மலையேறிகள் பனியில் படி வெட்டி வெட்டியே ஏறினர். 1908இல் எக்கன்ஸ்டைன் என்னும் ஆங்கிலேயர் பத்து முட்கள் கொண்ட சட்டத்தை வடிவமைத்தார். 1929இல் இத்தாலியக் கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்த லாரன் கிரிவெல் அதன் முன்புறம் இரு முட்களைச் சேர்த்தார். 1960களில் கோடரியின் அலகு வளைந்தது. 1974 சனவரியில் ஜெஃப் லோ, மைக் வைஸ் என்னும் இருவர், கொலராடோவில் டெலுரைடு ஊருக்கு மேலே நூறு மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் உறைந்து நின்ற அருவியை ஏறி முடித்தனர். அவ்வருவியின் பெயருக்கு மணமகளின் முகத்திரை என்று பொருள். பெயரின் மென்மை அதன் இயல்பில் இல்லை.

பாறை நேற்று இருந்தவாறே இன்றும் இருக்கும். உறைந்த அருவி அத்தகையதன்று. கடுங்குளிரில் அது கண்ணாடிபோல் நொறுங்கும். கோடரி பட்ட இடத்தில் உணவுத்தட்டு அளவுள்ள சில்லுகள் பெயர்ந்து விழும். உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் குழைந்து இடங்கொடுக்கும்; கோடரி இனிதே பதியும், ஆனால் வெயில் பட்ட திருகாணியைச் சுற்றிப் பனி உருகத் தொடங்கும். வெண்தூணாகத் தோன்றுவதன் உள்ளே நீர் ஓடிக்கொண்டிருக்கும். வெப்பநிலை திடீரெனத் தாழ்ந்தால், தொங்கும் தூண் தன் இறுக்கத்தால் தானே முறியவும் கூடும். பழகியவர் ஓசையைக் கொண்டே அறிவர்: திண்ணிய பனிக்கு ஓர் ஒலி, உள்ளீடற்றதற்கு வேறோர் ஒலி. சந்தையில் பானையை விரலால் சுண்டிப் பார்த்து வாங்கிய நம் பாட்டியர் அறிந்த கலைதான் இது. பானை உடைந்தால் காலணாதான் நட்டம். கயிறு இருக்கிறதே என்று முன்னேறுபவர் விழவும் இயலாது. விழும் வேகத்தில் கால்முள் பனியில் சிக்கினால் எலும்பு முறியும். ஆதலின், முன் செல்பவர் விழலாகாது என்பதே இக்கலையின் முதற்பாடம்.

இத்தனை இடருக்கிடையே இன்பம் எங்கிருந்து வருகிறது? ஏறியோர் கூற்றுகளை நோக்குங்கால், அவர்கள் வியந்து பேசுவது ஆபத்தை அன்று என்பது புலனாகும். உள்ளம் ஒருமுகப்பட்ட நிலையையே அவர்கள் பெரிதும் பேசுகின்றனர். நம்முடைய நாள் எவ்வாறு கழிகிறது? கை கோப்பில், கண் கடிகாரத்தில், நினைவு வீட்டுக் கடன் தவணையில். பனிச்சுவரில் நிற்பவருக்கு அடுத்த வீச்சு ஒன்றே உலகம். கையும் கண்ணும் நினைவும் ஓரிடத்தில் கூடும் அந்த நாழிகையை, முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? "கொழுப்பெடுத்த வேலை" என்று நம் வீடுகளில் வழங்கும் ஒரு சொல்லால் இதனைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

ஆயினும் பயன் இல்லையே என்பர். லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கு மக்கள், குளிர்காலத்தில் கணவாய்கள் மூடிய பின், உறைந்த ஆற்றின்மீது நடந்தே தலைமுறை தலைமுறையாக வெளியுலகை அடைந்தனர். அப்பனிப் பரப்பிற்குச் சாதர் என்று பெயர். போர்வையைக் குறிக்கும் அச்சொல்லை அறியாத தில்லித் தமிழ்க் குடும்பம் இல்லை. வெண்ணெய் விற்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் அவர்கள் அப்போர்வையின்மேல் நடந்தனர். 2024 மார்ச்சில் நிம்முவிலிருந்து பதும் வழியாகத் தார்ச்சா செல்லும் சாலை இணைக்கப்பட்டபின் அத்தேவை குறைந்து வருகிறது. அதே பனியில் இன்று இன்பத்திற்காக நடப்போர் வருகின்றனர்; சன்ஸ்கார் இளைஞர் அவர்களுக்கு வழிகாட்டியும் சுமை தூக்கியும் பிழைக்கின்றனர். காலடியில் விரியும் பிளவு ஒன்றே. ஒருவரைப் போற்றுகிறோம், மற்றவரைப் பழிக்கிறோம். பழிப்பதற்குமுன், சுமை தூக்கிச் செல்பவர் எப்பக்கம் நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்தல் நன்று. அவருக்கு அது பிழைப்பு; ஆனால் பிறருடைய கிளர்ச்சியால் வந்த பிழைப்பு.

வள்ளுவரை நாடினாலும் ஒருபக்கத் தீர்ப்புக் கிடைப்பதில்லை. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை அவர் அறிவுடைமையில் வைத்தார். முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தப்பவிட்ட வேலே இனிது என்று படைச்செருக்கிலும் கூறினார். ஒரே நூலில் இரண்டும் உள்ளன. மேடையில் நாம் இரண்டாவதை முழங்குகிறோம். வீட்டில் பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் சொல்கிறோம்.

ஏறுவோர் தரப்பில் பலகாலும் எடுத்துரைக்கப்படும் வாதம், "என் உயிர், என் உரிமை" என்பது. இதனையே நாம் ஊன்றி ஆராய வேண்டும். கியூபெக்கைச் சேர்ந்த கீ லாசெல் கயிறின்றித் தனித்து ஏறுவதில் புகழ்பெற்றவர். கயிறு இல்லையேல் கீழே பிடிப்பாரும் இல்லை. ஆதலின் தம் இடரில் எவரையும் பிணைக்காதவர் என்று அவரைக் கூறலாம். 2009 டிசம்பர் 10 அன்று மோன்டானா மாநிலத்து ஹயலைட் பள்ளத்தாக்கில் அவர் மாண்டார். அவர் பிடி நழுவவில்லை. மேலே சென்றுகொண்டிருந்த வேறு ஏறிகளின் அடிபட்டுப் பெயர்ந்த பனி அவரை அடித்துச் சென்றது. தனியே ஏறியவரும் தனியே இல்லை என்பதை இதனினும் கொடிதாக எவ்வாறு காட்ட இயலும்? மேலிருந்தோர் தீங்கு நினைத்தவர் அல்லர். எனினும் அந்த நாளை அவர்கள் வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டியவர்களாயினர்.

இத்தகைய பயிற்சிகளில் சேர்வோர், இடருக்குத் தாமே பொறுப்பு என்று படிவத்தில் கையொப்பமிடுதல் எங்கும் உள்ள வழக்கம். படிவங்களிடையே வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு அதில் ஒரு குறை உடனே தெரிகிறது. பொறுப்பாளர் என்னும் கட்டத்தில் ஒரு பெயருக்கே இடம் விடப்பட்டிருக்கிறது. மீட்கச் செல்பவர், கயிறு பிடிப்பவர், தாய், மனைவி ஆகியோருக்கு அதில் கட்டம் இல்லை.

2019 ஏப்ரல் 16 அன்று கனடாவின் ஹௌஸ் சிகரத்துப் பனிச்சுவரில் டேவிட் லாமா, ஹான்ஸ்யோர்க் ஆவர், ஜெஸ் ராஸ்கெல்லி ஆகிய மூவரும் பனிச்சரிவில் மாண்டனர். உலகின் தலைசிறந்த ஏறிகளுள் வைத்து எண்ணப்பட்டவர்கள் அவர்கள். ஜெஸ்ஸின் தந்தை ஜான் ராஸ்கெல்லியும் புகழ்பெற்ற மலையேறி. 2003இல் தந்தையும் மகனும் சேர்ந்தே எவரெஸ்டு முடியை அடைந்தனர். மகனைத் தடுக்காத தந்தை பிழை செய்தாரா? அவ்வாறு சொல்ல நமக்கு நா எழவில்லை. தாம் வாழ்ந்த வாழ்வையே அவர் மகனுக்கும் அளித்தார். ஆனால் அவர் இழந்ததை மகனின் உரிமை என்று மட்டும் எழுதிக் கணக்கை முடிக்கவும் இயலவில்லை.

வீட்டில் இருந்தாலும் சாவு வராதா என்று சிலர் வாதிடுவர். டெலுரைடு அருவியை வென்ற ஜெஃப் லோ பனியில் சாகவில்லை. நரம்பு நோயால் நடையும் பேச்சும் இழந்து, சக்கர நாற்காலியில் ஆண்டுகள் பல கழித்து, 2018இல் மறைந்தார். இதனைக் கொண்டு எச்சரிக்கையே வீண் என்று கூறுதல் சூதாடியின் வாதம். நமக்கு அதில் உடன்பாடில்லை.

வேறொரு வினா நம்மை இன்னும் ஆழமாகத் தைக்கிறது. நம் தந்தையர் தகரப்பெட்டியுடன் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி, மொழியறியாத ஊரில் வந்து இறங்கினரே, அது முழுவதும் தேவையால் மட்டுமா? ஊரில் இருந்திருந்தால் அரைவயிறேனும் நிறைந்திருக்கும். காணாததைக் காணும் வேட்கையும் அப்பெட்டியில் இருந்தது. பிரிவின் துயரைத் தாய்மார் ஏற்றனர். எவரும் அவர்களிடம் கையொப்பம் கேட்கவில்லை. மாதந்தோறும் பணவிடை வந்ததால் அந்தத் துணிவை முயற்சி என்றோம். பணம் தராத துணிவை மட்டும் பொறுப்பின்மை என்று பெயரிட நமக்கு என்ன தகுதி?

ஆகவே, ஏறாதே என்று தடுக்கும் உரிமை நமக்கு உண்டென்று தோன்றவில்லை. கேட்கும் உரிமை உண்டு. எவருடன் செல்கிறாய்? உன் மேலே யார் இருப்பார்? கீழே யார் நிற்பார்? எத்தனை மணிக்கு, எதைக் கண்டால் திரும்புவாய்? இறுதி வினாவிற்கு விடையில்லாத பிள்ளையை அனுப்புதல் தகாது. விடையுள்ள பிள்ளை நம்மினும் நன்றாக அச்சத்தைக் கற்றிருக்கிறது. பனி நொறுங்கும் ஒலியைக் கேட்டு, அருவியின் அடியிலிருந்தே மூட்டையைக் கட்டித் திரும்புவோரைப் பற்றிச் செய்தி எழுதுவார் இல்லை.

2015 சனவரி 27 அன்று கனடியரான வில் கேட், நயாகராவின் குதிரைலாட அருவியின் ஓரத்தே உறைந்திருந்த பனிக்கீற்றில், ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தை முதன்முதலாக ஏறினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. நாம் மின்தூக்கி பழுதானால் மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்கும் வயது. பக்கத்திலேயே அருவியின் உறையாத பெருநீர் வீழ்ந்துகொண்டிருந்தது. உலகெங்கும் அவருடைய படம் வெளியாயிற்று. அவர் ஏறிய நேரம் முழுவதும் சாரல் உறையும் அந்த ஓரத்தில் நின்று கயிற்றைப் பிடித்தவர் சாரா ஹியூனிகன் என்னும் பெண்மணி. அவர் மேலே சென்று சேர்ந்தபின், உறைந்த விரல்களால் தம் கோடரிகளை எடுத்து, ஹியூனிகனும் அப்பனியில் ஏறினார்.