பாலத்துக்கு அந்தப் பக்கம்

தளியில் சித்திரையிலும் விடியற்காலையில் போர்வை தேவைப்படுகிறது. வெள்ளைக்காரன் 'சின்ன இங்கிலாந்து' என்று சொல்லிவிட்டுப் போன ஊர். கல்யாணமாகி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் குளிரில் எனக்குப் பாம்பன் வெயில்தான் நினைவுக்கு வரும். விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்ததும் அம்மாவிடம் போக வேண்டும். நாள்காட்டியில் வட்டம் போட்டாயிற்று. இந்த ஏக்கத்தில் கள்ளமில்லை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். தாய்வீட்டை நினைத்துக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

நட்டப்படுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். தம்பி மனைவி, மண்டபத்துப் பெண். பாலம் தாண்டினால் அவள் அம்மா வீடு. 1914இல் ரயில் பாலம் வந்தது, 1988இல் சாலைப் பாலம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றபோதும் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறந்துவிட்டார்கள். நான் 500 கிலோமீட்டருக்கு மேல் கடந்து அம்மாவிடம் போகிறேன். அவளால் அந்தப் பாலத்தைக் கடக்க முடிவதில்லை. "மதினி வந்திருக்காக, அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்று அவள் போனில் சொன்னதைப் போன மே மாதம் கேட்டேன். கேட்டுவிட்டு, எனக்கென்று வைத்த நண்டுக் குழம்பையும் சாப்பிட்டேன்.

என் விடுமுறை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. தம்பிக்கு வருமானம் இல்லாத அறுபத்தொரு நாட்கள் அவை. நாட்டுப்படகுக்காரரிடம் காசு கொடுத்துத்தான் மீன் வாங்க வேண்டும். அந்தக் காசு அவள் பாசி எடுத்துச் சேர்த்தது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நீருக்கடியில் பாறையில் பாசி பறித்துவிட்டு வந்து, அதே விரல்களால் எனக்கு மீன் கழுவுகிறாள்.

அப்பா இறந்தபின் தம்பிக்கு நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்ததையும், 2005இல் அது நாடு முழுமைக்கும் வந்ததையும் வகுப்பில் மாணவிகளுக்குச் சொல்கிறவள்தான் நான். "பங்கு கேட்டா பொறந்த வீடு இல்லாமப் போயிரும்" என்று அம்மா அழுதாள். பங்கை விட்டேன், விருந்தாளியாக வந்துபோகும் உரிமையை வைத்துக்கொண்டேன். அதைத் தியாகம் என்று நினைத்துக் கவிதைகூட எழுதியிருக்கிறேன். பேரம் எனக்கும் தம்பிக்கும் இடையில் நடந்தது. எனக்குச் சேர வேண்டியதை ஆண்டுதோறும் அடுப்படியில் நின்று கட்டுகிறவள் அவள். அந்தப் பத்திரத்தில் அவள் கையெழுத்து இல்லை.

அவள் மண்டபம் போனால் அங்கே அவளுடைய அண்ணன் மனைவி அடுப்பில் நிற்பாள் என்பதும் உண்மை. ஒருத்தியின் ஓய்வை இன்னொருத்தியின் முதுகிலிருந்து எடுத்துத் தருகிற ஏற்பாடு இது. இந்தக் கணக்கில் அண்ணன் தம்பிமார் பெயர் வருவதே இல்லை. இத்தனைக்கும் தடைக்காலம் முழுக்கத் தம்பி கரையில்தான் இருக்கிறான்.

போகாமல் இருந்துவிடலாமா? எழுபதைத் தாண்டிய அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது தீர்வாகாது. போன வாரம் தம்பி மனைவியை அழைத்தேன். "நான் இருக்கிற பத்து நாள்ல அஞ்சு நாள் நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வா. நானும் தம்பியும் சமைக்கிறோம்."

சிரித்தாள். "அவுகளுக்கு உலை வைக்கக்கூடத் தெரியாது மதினி."

"கத்துக்கட்டும்."

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "வந்த பிள்ளைய அடுப்படியில விட்டுட்டு அவ போவாளா? நல்லா இருக்கு!"

போனை வைத்தபிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. போய்வா என்று சொல்ல நான் யார்? உத்தரவு கொடுக்கும் மாமியாரின் தொனி என் குரலிலும் இருந்திருக்கும். மே 20க்குப் பேருந்தில் சீட்டுப் போட்டுவிட்டேன். அவள் போவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தம்பியிடம் நான் இன்னும் பேசவில்லை. முதலில் அவனிடம்தான் பேசியிருக்க வேண்டும்.