அழிந்ததற்குச் சாட்சி சொல்வது எப்படி?

நாம் நேசிக்கும் ஒன்றைப் பற்றிப் பிறருக்குச் சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்வதா, பெருமை விளங்கச் சற்றுக் கூட்டிச் சொல்வதா? நல்ல நோக்கத்தோடு செய்யும் சிறு மாற்றமும் பொய்யாகுமா? பழைய செப்புத்தகட்டுப் படங்கள் சிலவற்றை முன்வைத்து இதனைச் சிந்திப்போம்.

ஒளிப்படம் தோன்றுமுன் பழைய இடிபாடுகளைத் தொலைவில் உள்ளோர் அறிந்தது பெரும்பாலும் இத்தகைய படங்களால்தான். செப்புத் தகட்டிலே கோடு கீறி, மை பூசித் தாளில் அழுத்தி எடுப்பார்கள். கீறுபவரின் கையோடு அவரது கருத்தும் தாளில் பதிந்துவிடுவதுண்டு. இங்கிலாந்தின் பெரிய கட்டடக் கலைஞரான இனிகோ ஜோன்ஸ், ஸ்ரோன்ஹென்ஜை உரோமர் கட்டிய கோயில் என்று நம்பினார். அவர் இறந்தபின் 1655-இல் வெளிவந்த நூலில், நடுவே உள்ள பெருங்கல் வாயில்கள் ஆறாக, ஒழுங்கான அறுகோணமாகக் காட்டப்பட்டன. உண்மையில் அவை ஐந்து. குதிரை இலாட வடிவில் அமைந்தவை. ஆயினும் கற்கள் இன்றும் நிற்கின்றன. சந்தேகம் உள்ளவர் நேரே போய் எண்ணிப் பார்க்கலாம்.

அழிந்து போனதை எங்கே போய்ப் பார்ப்பது?

வில்ற்சயரில் எய்வ்பரி என்ற கிராமத்தைச் சுற்றி ஏறக்குறைய 100 கற்கள் கொண்ட மாபெரும் வட்டம் ஒன்று இருந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. வில்லியம் ஸ்ரியூக்லி என்ற மருத்துவர் 1719 முதல் 1724 வரை ஆண்டுதோறும் அங்கே சென்று கற்களை அளந்தார், வரைந்தார். அதே காலத்தில் ஊரவர்கள் அக்கற்களை உடைத்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லைக் குழியில் சாய்த்து, வைக்கோல் இட்டு எரித்து, சூடேறியதும் குளிர்நீர் ஊற்றிச் சம்மட்டியால் அடிப்பார்கள். அதனையும் ஸ்ரியூக்லி வரைந்து வைத்தார். அக்கற்களிற் பலவற்றுக்கு இன்று அவர் ஒருவரே சாட்சி.

பின்னர் அவர் மதகுருவானார். எய்வ்பரி முழுவதும் துரூயிட் என்னும் பழைய குருமார் அமைத்த பாம்பு வடிவக் கோயில் என்று உறுதியாக நம்பினார். அருகில் ஒரு குன்றின் மேல் இருந்த சிறிய கல்வட்டமே பாம்பின் தலை என்றார். களத்தில் அளந்தபோது அதனை வட்டமாகவே குறித்திருந்தார். 1743-இல் வெளியிட்ட நூலிலோ அது நீள்வட்டமாயிற்று. பாம்பின் தலை வட்டமாக இருந்தால் பொருந்தாதே! அந்தக் கற்கள் 1724 அளவிலேயே அகற்றப்பட்டுவிட்டதால் மறுத்துரைக்க எதுவும் எஞ்சவில்லை. 1930-இல் அவ்விடத்தை அகழ்ந்தபோதுதான் அது வட்டம் என்பது உறுதியாயிற்று.

அந்த நம்பிக்கை இல்லாவிடில் ஒரு மனிதர் ஆறு ஆண்டுகள் அந்த வயல்களில் அலைந்திருப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நேசமே நம்மைச் சாட்சி ஆக்குகிறது. ஆனால் அவ்விடத்துக்கு அழைத்துச் சென்ற நேசம் அளவுகோலையும் பிடிக்கத் தொடங்கினால் சாட்சியம் கெட்டுவிடும். கணக்காளராகத் தொழில் புரியும் எமக்கு இது நன்கு விளங்கும். உறுதிச்சீட்டு கையில் இருக்கும்வரை பேரேட்டில் உள்ள பிழையைத் திருத்தலாம். சீட்டுகள் எரிந்துபோனால் பேரேடே சீட்டாகிவிடும். அதன்பின் ஐந்தொகை சமப்படுவதற்காக ஓர் இலக்கத்தை மாற்றுபவர் மற்ற இலக்கங்களின் மதிப்பையும் கெடுக்கிறார்.

ஸ்ரியூக்லிக்கு நேர்ந்ததும் அதுவே. எய்வ்பரியிலிருந்து மேற்கே ஒரு கல்வரிசை சென்றது என்றும் அவர் எழுதியிருந்தார். பாம்பின் வாலுக்காகச் சொன்ன கற்பனை என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். 1999-இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகழ்ந்தபோது கல் நின்ற குழிகள் வெளிப்பட்டன. அவர் சொன்னது மெய்தான். மெய்யைச் சொல்லியும் இரண்டரை நூற்றாண்டு நம்பப்படாமற் போனார்.

அடைக்கலம் கேட்டு வாக்குமூலம் கொடுத்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. கூட்டிச் சொன்ன ஒரு வரி, மெய்யான பத்து வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். வீட்டில் பிள்ளைகளிடம் பேசும்போதும் அப்படியே. போரில் இடிந்த இரண்டறை வீடு கதையில் நாற்சார் வீடாகலாம். ஊர்ச் சண்டைகளும் சாதிக் கொடுமைகளும் மறைந்து, எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊராகலாம். வளர்ந்து ஆராயும் பிள்ளை அதில் ஒன்றைப் பொய்யெனக் கண்டால், வீடு எரிந்த கதையையும் நம்பத் தயங்கும். எரிந்தது நாற்சார் வீடாக இருந்தால்தான் இழப்பா? இரண்டறை வீடு எரிந்ததும் இழப்பே.

எய்வ்பரியில் 1930களில் விழுந்த கற்களை நிமிர்த்தி நிறுத்தியபோது, கல் இல்லாத இடங்களில் போலிக் கல் நாட்டவில்லை. சிறிய சீமெந்துத் தூண்களை வைத்தார்கள். இங்கே ஒரு கல் இருந்தது, இப்போது இல்லை என்பதே அவற்றின் பொருள். நாமும் நினைவில் உள்ளதை உள்ளபடி பிள்ளைகளுக்குச் சொல்வோம். நினைவில் இல்லாத இடத்தில் "அது எனக்குத் தெரியாது, பிள்ளை" என்று ஒரு தூணை நாட்டுவோம்.