இப்ப எத்தினை மணி

லண்டனின் நோர்பரி ரயில் மேடை. டிசம்பர். நான்கு மணிக்கே இருட்டுகிறது.

குளிர் முதலில் விரல் நுனிக்கு வருகிறது.

•

யாழ்ப்பாணத்தில் ஒன்பதரை. அம்மா படுத்திருப்பார். இல்லையென்றால், கதவுத் தாழ்ப்பாளைக் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போனில் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அங்க இப்ப எத்தினை மணி?"

மணியைச் சொல்லிவிடலாம். 'இப்ப' மட்டும் காதில் தங்கிவிடுகிறது.

•

மேடையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு விளக்கு. நடுவில் நிற்கிறேன். இரண்டின் முதல் ஒளியும் ஒன்றாக வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் எரிந்தன என்று மனம் குறித்துக்கொள்கிறது.

விக்டோரியாவிலிருந்து வரும் விரைவு ரயில் இங்கே நிற்பதில்லை. காற்றைத் தள்ளிக்கொண்டு கடக்கிறது. மஞ்சள் சன்னல்கள். ஒரு தலை. ஒரு கோப்பை. ஒரு தலை.

விளக்குகள் எரிந்த அந்தக் கணத்தில் எனக்கு நேரே ஒரு சன்னல். அதற்குள் ஒருத்தி. முன்முனை விளக்கை நோக்கி அவள் போய்க்கொண்டிருக்கிறாள். அந்த ஒளி அவளை முதலில் தொடுகிறது. அவளுக்கும் ஒளியின் வேகம் அதேதான். ஆகவே அவளுக்கு முன்விளக்குத்தான் முதலில் எரிந்தது.

அவள் கணக்கும் சரி. என் கணக்கும் சரி.

தண்டவாளத்தின் அதிர்வு காலடியில் அடங்குகிறது.

•

1905. பேர்ன் நகரின் காப்புரிமை அலுவலகம். 26 வயது ஐன்ஸ்டைன் இரண்டு வாக்கியங்களிலிருந்து தொடங்குகிறார்.

சீராக நகரும் எல்லோருக்கும் இயற்கையின் விதிகள் ஒன்றே.

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே. நொடிக்கு 299,792 கிலோமீட்டர்.

இவை இரண்டும் அசையாமல் நிற்கின்றன. நேரமும் நீளமும் வளைந்து கொடுக்கின்றன.

•

தூரத்தில் அடுத்த ரயிலின் முகவிளக்கு. ரயில் என்னை நோக்கி வருகிறது. அதனால் அதன் ஒளி கூடுதல் வேகத்தில் வருவதில்லை.

நின்றிருந்தாலும் அதே ஒளி. அதே வேகம்.

•

ரயில் நொடிக்கு 40 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், அதற்குள் இருக்கும் மணிக்கூடு ஒரு மணி நேரத்தில் ஒரு நொடியின் சுமார் 3,000 கோடியில் ஒரு பங்கு பின்தங்குகிறது.

சன்னலோரத்தில் இருப்பவளுக்கு இந்த மேடை சற்றுக் குறுகியிருக்கிறது. அந்தக் குறைவு ஓர் அணுவின் அகலத்துக்கும் கீழே.

யாருக்கும் தெரிவதில்லை. இருக்கிறது.

•

இந்த நகரத்தின் மேற்கே டெடிங்டன். தேசிய இயற்பியல் ஆய்வுகூடம். 1955இல் இயற்பியலாளர்கள் எசனும் பாரியும் சீசியம் அணுவின் துடிப்பைக் கொண்டு அங்கே ஒரு மணிக்கூடு செய்தார்கள்.

1996இல் அந்த ஆய்வுகூடம் ஓர் அணு மணிக்கூட்டை விமானத்தில் வாஷிங்டனுக்கு அனுப்பித் திரும்பப் பெற்றது. வேகம் அதை மந்தமாக்கியது. உயரம், ஈர்ப்பு தளர்ந்திருந்ததால், விரைவாக்கியது. இரண்டையும் கழித்து, 39 நானோ நொடி முன்னால் போய் வந்து இறங்கியது.

ஊருக்குப் போய்த் திரும்பிய நாட்களில் கையில் கட்டியிருந்த மணிக்கூடு. அதை நான் எதோடும் ஒப்பிட்டதில்லை.

•

கையுறையைக் கழற்றுகிறேன். உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது.

சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போகலாம்.

ஆனாலும் தரைக்கு வருகின்றன.

இங்கிருந்து பார்த்தால், அவற்றின் நேரம் மெல்ல நடக்கிறது. அவற்றிலிருந்து பார்த்தால், காற்று மண்டலமே மெலிந்து ஒரு சிறு தூரமாகிறது.

ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கருவி, 2,200 மீட்டர் உயரத்தில், இதே துகள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. இரவு. பகல். மழை.

இந்தக் கை வழியே நிமிடத்துக்கு நூறளவில் போகின்றன. உள்ளங்கை ரேகைகள். குளிர். வேறொன்றும் தெரியவில்லை.

•

தொலைவில் இருக்கும் ஓரிடத்தின் 'இப்போது' எது? ஒளியை அனுப்பு. அங்கே பட்டுத் திரும்பட்டும். எடுத்த நேரத்தைப் பாதியாக்கு. ஐன்ஸ்டைன் சொன்ன வழி இவ்வளவுதான்.

கடக்கும் ரயில் யாழ்ப்பாணத்தை நோக்கியே ஓடினால், அதற்குள் இருப்பவளின் பாதி வேறாகும். அவளுடைய 'இப்போது' அம்மாவின் அறையில் சில நானோ நொடி பிந்திய கணத்தில் விழும்.

தாழ்ப்பாளில் விரல். தாழ்ப்பாளில் அதே விரல்.

•

இங்கிருந்து யாழ்ப்பாணம் சுமார் 8,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. எவ்வளவு நேர்வழி கிடைத்தாலும் குரலுக்கு 0.04 நொடி வேண்டும்.

சொல் இங்கே கேட்கும்போது, அங்கே அது சொல்லி முடிந்துவிட்டது.

•

ரயில் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. மூடுகிறது. ஏறவில்லை.

மேடை காலியாகிறது.

•

சட்டைப்பையில் போன் அதிர்கிறது. அம்மா உறங்கவில்லை.

"அங்க இப்ப எத்தினை மணி?"

வாய் திறக்கிறது. சொல்லுக்கு முன்னால் மூச்சு வெளியே வந்து, விளக்கொளியில் வெள்ளையாக நிற்கிறது.