ஓசிலிடம் கேட்ட கணக்கு

2010 ஒக்ரோபர் 8 அன்று பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் ஜேர்மனியும் துருக்கியும் மோதின. ஜேர்மனியின் மத்திய கள வீரர் மெசுட் ஓசிலிடம் பந்து வந்தபோதெல்லாம் துருக்கி வம்சாவளி இரசிகர்கள் கூவி இகழ்ந்தார்கள். தங்கள் பிள்ளை எதிரணிக்கு ஆடுகிறான் என்ற கோபம். ஓசில் ஒரு கோலும் அடித்தார். அடித்துவிட்டுக் கொண்டாடாமல் திரும்பி நடந்தார். ஆட்டம் 3-0 என்று முடிந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, கோலை அன்று கொண்டாடிய பக்கத்திலிருந்தே பலர் அவரை எங்களவன்தானா என்று கேட்டார்கள்.

ஓசில் பிறந்தது 1988இல், சுரங்கத் தொழிலாளரின் நகரமான கெல்சன்கிர்ச்சனில். துருக்கியிலிருந்து உழைக்க வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. ஷால்க, பிரேமன், ரியல் மட்ரிட், ஆர்சனல் என்று வளர்ந்தவர். ஜேர்மனிக்காக 92 ஆட்டங்கள், 23 கோல்கள், 2014இல் உலகக் கிண்ணம். அவருடைய பெருமை கோல்களில் இல்லை. மற்றவர் கண்ணில் படாத இடைவெளியைக் கண்டு பந்தைக் கொடுப்பதில் இருந்தது. 2007இல் அவர் துருக்கிக் குடியுரிமையைத் துறந்தார். 2010இல் ஜேர்மனி அவருக்கு ஒரு விருது கொடுத்தது: சமூகத்தில் நன்றாக ஒன்றிணைந்ததற்கான பம்பி விருது. அந்த மண்ணிலேயே பிறந்த ஒருவரை, நன்றாக வந்து சேர்ந்தாய் என்று பாராட்டினார்கள். பாராட்டுத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் விருந்தாளியைத்தான் அப்படிப் பாராட்டுவார்கள்.

2018 மே மாதம் லண்டனில் துருக்கி அதிபர் எர்டோகனுடன் அவர் நின்ற படம் வெளிவந்தது. துருக்கியில் தேர்தலுக்குச் சுமார் ஆறு வாரமே இருந்தது. பல ஊடகவியலாளர் சிறையில் இருந்தனர். யூன் 27 அன்று உலகக் கிண்ணப் போட்டியில், கசானில், தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்று, நடப்புச் சம்பியன் ஜேர்மனி முதற் சுற்றோடு வீடு திரும்பியது. யூலை 22 அன்று ஓசில் தேசிய அணியிலிருந்து விலகினார். வென்றால் ஜேர்மனியன், தோற்றால் குடியேறி என்று தாம் நடத்தப்படுவதாக எழுதினார். 2023 மார்ச்சில் ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார்.

இதில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, அந்தப் படம். அது சிறிய தவறு என்று தள்ளிவிட முடியாது. கோடிப் பேர் அறிந்த முகம் தேர்தல் வேளையில் ஆட்சியாளன் பக்கத்தில் நின்றால், அந்த முகம் வாக்காகிறது. தம் குடும்பத்தின் நாட்டினுடைய உயர்ந்த பதவிக்கு மரியாதை செய்ததாக ஓசில் விளக்கினார். பெற்றோரின் மண்ணை மதிப்பது வேறு, அந்த மண்ணை ஆள்பவனை மதிப்பது வேறு. இலங்கைத் தமிழருக்கு இதை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே அவரைக் கண்டித்தவர் எல்லோரும் இனவெறியர் அல்லர்.

இரண்டாவது கணக்கு, தண்டனை. ஒரு கண்டனம் நேர்மையானதா என்று அறிய, அதே செயலை வேறு பிறப்புடைய ஒருவர் செய்திருந்தால் அதே கேள்வி எழுந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். அதே கோடையில் ஜேர்மன் அணியின் முன்னாள் தலைவர் லோதர் மத்தேயஸ் ரஷ்யாவில் புட்டினோடு கைகுலுக்கினார். அவர் ஜேர்மனியர்தானா என்று எவரும் கேட்கவில்லை. ஓசிலும், படத்தில் உடனிருந்த அணித்தோழர் குண்டோகனும் ஜேர்மன் குடியரசுத் தலைவரைச் சந்தித்துத் தங்கள் பற்றை விளக்கவேண்டியிருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குண்டோகனும் துருக்கி வம்சாவளியினர்தான். அவர் அணியில் நீடித்தார், 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் தலைமையும் தாங்கினார். அப்படியானால் பிரச்சினை பிறப்பில் இல்லை, படத்தைப் பற்றி ஓசில் நீண்ட நாள் காத்த மௌனத்தில் என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் குண்டோகனுக்குக் கிடைத்தது மன்னிப்பு. தேசியச் சீருடை அணிந்தவரிடம் கூடுதல் பொறுப்பைக் கேட்கலாம். கேட்டால் பதினொரு பேரிடமும் கேட்க வேண்டும். குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லி இருவரிடம் மட்டும் கேட்டது அநீதி.

கொடிகாமத்தில் இருந்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் எங்கள் தென்மராட்சிப் பிள்ளைகள் பலர் கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்குப் போனார்கள். கெல்சன்கிர்ச்சனுக்குத் தொலைவில் இல்லாத ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோவில் எழுந்து நிற்கிறது. அந்த வீடுகளின் பிள்ளை அங்கே ஒரு கழகத்துக்கு உதைபந்து ஆடினால் இங்கே “எங்கட பெடியன்” என்கிறோம். அதே பிள்ளை விடுமுறைக்கு வந்து தமிழில் தடுமாறினால், வெள்ளைக்காரனாகிவிட்டான் என்று முகம் சுழிக்கிறோம். பெர்லினில் பிறந்த வசீம் ராசிக் 2021 யூனில் இலங்கைக்காக லெபனானுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தபோது தேசமே அவரைச் சொந்தம் கொண்டாடியது. அடிக்காதிருந்தால் அவர் எங்கிருந்து வந்தவர் என்ற பேச்சு எத்தனை விரைவில் எழுந்திருக்கும்?

இதைவிடக் கடினமான கணக்கு ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்து இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் கடந்து வந்தபோது, தென்மராட்சி தன் பள்ளிக்கூடங்களையும் கோவில் மண்டபங்களையும் வீட்டுத் திண்ணைகளையும் திறந்துவிட்டது. அதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன், 1990 ஒக்ரோபரில், கொடிகாமத்துக்கு அடுத்த பட்டினமான சாவகச்சேரியின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த மாதம் முடியுமுன் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கும் அதே கதி. தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருக்களில் வாழ்ந்து, வியாபாரம் செய்து, தமிழே பேசியவர்கள். ஓசிலுக்கு எதிராகக் காட்டுவதற்கு ஒரு படமாவது இருந்தது. இவர்களில் ஒவ்வொரு குழந்தையும் கிழவியும் என்ன செய்தார்கள் என்று எவரும் கேட்கவே இல்லை. பிறப்பு போதுமானதாக இருந்தது.

அன்று துப்பாக்கிக்கு முன் அயலவர் வாய் திறக்க முடியாதது உண்மை. எதிர்த்துப் பேசியவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் தெரிந்ததே. ஆனால் 2009இல் போர் முடிந்தபின் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் திரும்பி வந்தார்கள். காணியும் வீடும் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டார்கள். அப்போது வாய் திறக்க நம்மை எவரும் தடுக்கவில்லை.