உடன்படுதலும் ஒரு செயலே

தம் கையால் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாதிருத்தலை அறவோர் பெரிதாகப் போற்றுவர். போற்றத் தக்கதே. ஆயினும், பிறர் செய்யப் புகும் செயலுக்கு நாம் தலையசைக்கின்றோமே, அப்போது நம் பங்கு யாது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படாமலே போகின்றது. “நாம் செய்யவில்லை, செய்ய வேண்டா என்று தடுக்கவில்லை, அவ்வளவே” என்று அமைதி கொள்கின்றோம். இவ்வமைதி முறையானதுதானா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்த ஒரு தாயின் வரலாற்றை இங்கு எண்ணிப் பார்ப்போம். அவர் நம் நாட்டினர் அல்லர். நம் சமயத்தினரும் அல்லர். ஜெர்மனி நாட்டின் புகழ்பெற்ற ஓவியரும் சிற்பியுமாகிய கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் அவர்.

மகன் கேட்ட இசைவு

அம்மையார் 1867ஆம் ஆண்டு கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். 1891இல் கார்ல் கோல்விட்ஸ் என்னும் மருத்துவரை மணந்து, பெர்லின் மாநகரில் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த வடபகுதியில் குடியேறினார். கணவர் அம்மக்களின் பிணி தீர்த்தார். மனைவியார் அவர்தம் வறுமையையும் உழைப்பையும் படங்களாகத் தீட்டினார். 1892இல் ஹான்ஸ், 1896இல் பீட்டர் என இரு ஆண்மக்கள் பிறந்தனர். எளியோர்பால் இரக்கமும் நீதியில் நாட்டமும் உடைய குடும்பம் அது. போர்வெறி கொண்ட குடும்பம் அன்று.

1914 ஆகஸ்டு மாதம் முதல் உலகப்போர் மூண்டது. நண்பர்களுடன் நார்வே நாட்டில் நடைப்பயணம் மேற்கொண்டிருந்த பீட்டர் வீடு திரும்பினான். அவனுக்கு வயது 18. படையில் தானே சென்று சேர விரும்பினான். அந்நாட்டுச் சட்டப்படி 21 வயது நிறையாதவன் ஆதலின், தந்தையின் இசைவு தேவைப்பட்டது. தந்தை மறுத்தார். மகன் தாயின் முகத்தை நோக்கினான். தாய் மகனுக்காகக் கணவரிடம் மன்றாடினார். இறுதியில் தந்தை இசைந்தார்.

அக்டோபர் நடுவில் பீட்டர் களம் புறப்பட்டான். பத்து நாள் அளவில், பெல்ஜியம் நாட்டில் டிக்ஸ்முய்டு என்னும் ஊரின் அருகே சுடப்பட்டு இறந்தான். அம்மாதம் முடியுமுன்னரே செய்தி வீடு வந்து சேர்ந்தது.

தியாகம் என்னும் சொல்லின் மறுபாதி

தாய் ஏன் மன்றாடினார்? அன்பில்லாமையால் அன்று. மகனின் உள்ளம் தூயது என அவர் கண்டார். நாட்டுக்கு இடர் வந்தது என நம்பித் தன்னைத் தர முன்வந்த பிள்ளையைத் தடுத்தல், தாயன்பின் தன்னலம் ஆகிவிடுமோ என அஞ்சினார். தெருவெங்கும் தியாகத்தின் பெருமையே பேசப்பட்ட காலம் அது. அத்தகைய காலத்தில் “போகாதே” எனச் சொல்லுதல் எவருக்கும் எளிதன்று என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். தியாகம் என்னும் சொல் தன் உயிரைக் கொடுத்தலை மட்டுமே காட்டுகின்றது. படைக்கலம் ஏந்திச் செல்பவன் கொடுப்பதற்கு மட்டுமா செல்கின்றான்? எடுப்பதற்கும் செல்கின்றான். எதிர்ப்புறத்தில் நிற்பவனும் ஒரு தாயின் மகனே. தன் பிள்ளையை அனுப்ப இசையும் தாய், தன்னுடையதல்லாத மற்றொரு பிள்ளையின் உயிருக்கும் அந்த ஒரே சொல்லால் விடை தந்துவிடுகின்றாள். இம்மறுபாதியைத் தியாகம் என்னும் சொல் நம் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றது.

மேலும், பீட்டர் தன் நாட்டைக் காப்பதாகவே நம்பினான். அவன் வீழ்ந்ததோ பிறர் நாட்டு மண்ணில். பெல்ஜியம் எப்பக்கமும் சேராத நடுநிலை நாடு. 1914 ஆகஸ்டு 4ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் அதனுள் புகுந்தன. தற்காப்பு என்னும் சொல்லை எல்லா அரசுகளும் கையாளும். உள்ளம் தூயதாக இருந்தமையால் மட்டும், சென்ற வழி நேரியதாகிவிடாது.

மூவகை வினை

தத்துவார்த்த சூத்திரம் வினை வந்து சேரும் வாயில்களைக் கணக்கிடும்போது இதனைத் தெளிவாக வகுத்துரைக்கின்றது. எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. கோபம், மானம், மாயை, லோபம் எனக் கஷாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்க 108 ஆகும். இவற்றுள் உடன்படுதல், செய்தலுக்குக் கீழ்ப்பட்ட சிறு குற்றமாக ஒதுக்கப்படவில்லை. செய்தலோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டுள்ளது.

கஷாயங்களுள் மானமும் நிற்பதை நோக்குக. உலக வழக்கில் மானம் என்பது காக்கத் தக்க பெருமை. கஷாய வரிசையிலோ அது செருக்கு. நாட்டின் பெயரால் எழும் மானம் இவ்விரண்டனுள் எது என்று பிரித்தறிவது, கொடிகள் பறக்கும் நாளில் மிகவும் அரிது.

இங்கு ஒரு தடை எழலாம். “தாய் இசையாதிருந்தாலும் ஓராண்டு ஈராண்டில் அரசே அவனை அழைத்திருக்குமே? பேதலித்து நிற்கும் தாயின் மேல் பழி சுமத்துதல் முறையா?” எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. பழி சுமத்துதல் நம் நோக்கமன்று. கேடு எப்படியும் நிகழும் என்பது வேறு; அதில் நம் கை படிந்ததா என்பது வேறு. முன்னது நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம். பின்னது நம்முடையதே. இவ்வேற்றுமையை அம்மையார் அறிந்திருந்தார் என்பதற்கு அவர் பின்னர் வாழ்ந்த வாழ்வே சான்று.

பதினெட்டு ஆண்டுப் பணி

மகன் இறந்த அவ்வாண்டின் இறுதியிலேயே அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் சமைக்க எண்ணினார். முதலில் கருதிய அமைப்பில் இறந்த மகனின் உடல் கிடத்தப்பட்டிருந்தது. பெற்றோர் உடன் இருந்தனர். பல ஆண்டுகள் முயன்றும் அது மனத்துக்கு இசையவில்லை. 1919இல் பணியைக் கைவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கினார். 1932ஆம் ஆண்டு, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், பீட்டர் அடக்கம் செய்யப்பட்ட பெல்ஜிய இடுகாட்டில் அச்சின்னம் நிறுவப்பட்டது.

நிறைவுற்ற சின்னத்தில் மகன் இல்லை. வாள் இல்லை, கொடி இல்லை, வெற்றி மாலை இல்லை. கல்லில் இரண்டே உருவங்கள்: மண்டியிட்ட தந்தை, மண்டியிட்ட தாய். தந்தை தம் கைகளால் தம்மையே இறுக அணைத்து நிமிர்ந்திருக்கின்றார். தாய் தலை கவிழ்ந்து குனிந்திருக்கின்றார். இருவரும் தனித்தனிப் பீடங்களில் உள்ளனர். அம்முகங்கள் கார்லின் முகமும் கேத்தேயின் முகமுமே. வீரனுக்கு எடுத்த கல்லில் வீரனைப் போற்றாது, அனுப்பியவரை மண்டியிட வைத்தார் அம்மையார். மாண்ட பிள்ளைகளின் முன் மூத்தோர் பொறுத்தருள வேண்டி நிற்கும் காட்சியாகவே அது நமக்குத் தோன்றுகின்றது. 1950களில் அக்கல்லறைகள் விளாட்ஸ்லோ என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டபோது சிலைகளும் உடன் சென்றன. 25,000க்கு மேற்பட்ட ஜெர்மானிய வீரர் உறங்கும் அவ்விடத்தில், அவ்விரு பெற்றோரும் இப்போது அனைவர்க்கும் பெற்றோராக மண்டியிட்டிருக்கின்றனர்.

விதைநெல்

அம்மையார் கல்லோடு நின்றுவிடவில்லை. 1918 அக்டோபரில் போர் தோல்வியில் முடியும் நிலையில், ரிச்சர்டு டேமல் என்னும் கவிஞர் எஞ்சியோரும் களம் புக வேண்டும் என அறைகூவல் விடுத்தார். அம்மையார் நாளிதழ் வாயிலாக அதனை வெளிப்படையாக மறுத்தார். இறந்தது போதும், இனி ஒருவரும் வீழலாகாது என்பதே அவர் மறுமொழியின் சாரம். கெதே என்னும் பெருங்கவிஞரின் விதைநெல் உவமையை அவர் அதில் துணைக்கொண்டார். விதைக்க வேண்டியதை அரைத்து உண்ணலாகாது என்பது அதன் கருத்து. உழவர் குடியில் பிறந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எத்துணைப் பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைத்தவன் அடுத்த பருவத்தையே உண்டவன் ஆவான்.

1920களில் போர் என்னும் தலைப்பில் ஏழு மரச்செதுக்குப் படங்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில், பறை முழக்கி முன்செல்லும் சாவின் பின்னே இளைஞர் மயங்கிச் செல்கின்றனர். சாவின் அருகே செல்பவன் பீட்டர். நாஜி ஆட்சி வந்த 1933இல் கலைக்கழகப் பொறுப்பை இழந்தார். மீண்டும் ஒரு போர் வந்தது. விதைநெல் உவமையையே பெயராகக் கொண்டு, மூன்று சிறுவரைத் தன் கைகளுக்குள் பொதிந்து விடாது காக்கும் தாயொருத்தியைக் கல்லச்சில் வரைந்தார். 1914இல் திறந்த கைகளை இப்படத்தில் மூடிக்கொண்டார் எனலாம். ஆயினும் 1942இல் ஹான்ஸின் மகன் ருஷ்யக் களத்தில் மாண்டான். அவன் பெயரும் பீட்டரே. 1945 ஏப்ரல் 22இல், ஐரோப்பாவில் போர் ஓய்வதற்கு இரு கிழமைக்கு முன் அம்மையார் மறைந்தார்.

நாம் கொள்ளத் தக்கது

மகனை இழந்த பெற்றோர் முன் இரண்டு எளிய வழிகள் உள்ளன. “போர் பெரிது, ஆதலின் என் மகன் சாவும் பெரிது” என்று தேறுதல் ஒன்று. “போர் பொய், ஆதலின் என் மகன் பேதை” என்று கசத்தல் மற்றொன்று. முன்னது மேலும் பல பிள்ளைகளைக் களத்துக்கு அழைக்கும். பின்னது இறந்தவனை மீண்டும் ஒருமுறை கொல்லும். அம்மையார் இரண்டையும் தவிர்த்தார். மகனின் தூய உள்ளத்தை மதித்தார். அவனைக் கொண்ட போரை மறுத்தார். இடையில் தம் இசைவு நின்றதையும் மறைக்கவில்லை. இம்மூன்றையும் ஒருசேரத் தாங்குதல் அரிது. அதனாலேயே போலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

நம் இல்லங்களிலும் இளையோர் இசைவு கேட்டு நிற்பர். அது படைக்களமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பகையும் செருக்கும் கலந்த எந்த முயற்சியாகவும் இருக்கலாம். அப்போது “அவன் விருப்பம்” என்று கை கழுவுதலும், “ஊர் போற்றுகின்றது” என்று மகிழ்தலும் பெரியோர்க்கு அழகன்று. இதனால் யாருக்கு ஊறு? அவ்வூற்றில் என் சொல்லுக்குப் பங்கு உண்டா? இவ்விரு வினாக்களையும் கேட்ட பின்னரே நம் தலை அசைய வேண்டும். இளமை தன்னைக் கொடுக்க எப்போதும் அணியமாகவே இருக்கும். அதைக் கேட்டு வாங்காதிருத்தலும், வீணே கொடுக்க விடாதிருத்தலும் முதுமையின் கடன்.