பேணுதலும் இரக்கமும்

வேலையிலே மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை உலகம் கவனிக்கிறது. முதலாளியின் கண்ணும் வாடிக்கைக்காரரின் கண்ணும் அங்கே அவன்மீது இருக்கின்றன. ஓய்விலே அவனைக் கேட்பார் இல்லை. ஆகவே, ஒருவனுடைய உள்ளத்தை அறிய வேண்டுமானால் அவன் பொழுதுபோக்கை ஆராய்ந்தால் போதும். அத்தகைய பொழுதுபோக்கு ஒன்றை இவ்விதழிலே எடுத்துக்கொண்டு, அதனுள் அடங்கிய ஓர் அறக்கேள்வியை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 'பாஸ்' என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது பல இலட்சம் மக்களுக்குப் பிரியமான விளையாட்டு. அந்த மீனுக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. 1932-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்திலே ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ் இருந்தது. 2009-ஆம் ஆண்டு ஜப்பானின் பிவா ஏரியிலே மனாபு குரிட்டா என்பவர் பிடித்த மீன் அதைவிட ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் கூடுதல். முந்திய சாதனையை முறியடிக்க அந்த வேறுபாடு போதாது என்று சொல்லி, இரண்டையும் சமமாகவே பதிவு செய்தார்கள். ஓர் அவுன்ஸுக்கு இவ்வளவு நுணுக்கமாகத் தராசு பிடிக்கிறார்கள் என்பதை வியாபாரிகளாகிய நாம் மனத்திலே வைத்துக்கொள்வோம்.

குளிர்காலத்திலே இந்த மீன் எளிதில் அகப்படாது. மீனின் உடலுக்கு நம்மைப்போல் தனிச்சூடு கிடையாது. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிர்ந்துவிடும். நீரோ 4 டிகிரி சென்டிகிரேடிலேதான் மிகக் கனமாக இருக்கிறது. ஆதலால் ஏரியின் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறைந்தாலும், ஆழத்திலே அந்த 4 டிகிரி நீர் தங்கி நிற்கிறது. மீன் அங்கே ஒதுங்கி உயிர் பிழைக்கிறது. ஆனால் அதன் உடலின் வேலையெல்லாம் மந்தமாகிவிடுகிறது. தின்றது செரிக்க நெடுநேரம் ஆகிறது, பசி குறைகிறது. கோடையிலே பாய்ந்து விரட்டிய மீன், குளிரிலே வாய்க்கு எட்டும் தூரத்தில் வரும் இரையை மட்டும் மெல்லக் கவ்வுகிறது.

இந்த மந்தத்தை வெல்லுவதற்குத் தூண்டிற்காரர் கையாளும் வழிகளில் ஒன்று, 'மின்னோ' எனப்படும் பொடிமீனை உயிரோடு முள்ளிலே கோத்து விடுவது. நம்மூர்க் கெண்டைக்குத் தூரத்து உறவான சிறு மீன்கள் இவை. உதடுகள் இரண்டையும் சேர்த்துக் குத்தலாம்; அல்லது முதுகுத் துடுப்பின் அடியிலே, முதுகெலும்பிலே படாமல் குத்தலாம். எலும்பிலே பட்டால் மீன் செத்துவிடும், செத்தால் துடிக்காது. சிறு ஈயக்குண்டு ஒன்று அதை ஆழத்துக்கு இழுக்க, மேலே தக்கை மிதக்க, அந்தப் பொடிமீன் ஓரிடத்திலேயே நின்று தவிக்கிறது. பெரிய மீன் அருகே வந்தால் தப்பியோட முயன்று மேலும் துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கண்டுதான் பெரிய மீன் வாய் திறக்கிறது.

இனி, நம் கேள்விக்கு வருவோம். இத்தூண்டிற்காரர்களைக் கொடியவர்கள் என்று ஒரு சொல்லிலே ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பொடிமீன்களை அவர்கள் பேணும் அழகைப் பார்த்தால் நமக்கே வியப்பு உண்டாகும். வாளியிலே நெருக்கமாக அடைக்கமாட்டார்கள். பிராணவாயு குறையாமல் சிறு கருவி ஒன்றினால் காற்றுக் குமிழிகளை விட்டுக்கொண்டே இருப்பார்கள். குளோரின் கலந்த குழாய்நீரை அப்படியே ஊற்றமாட்டார்கள். வெதுவெதுப்பான நீரிலிருந்து குளிர்ந்த நீருக்கு ஒரேயடியாக மாற்றினால் மீன் அதிர்ச்சியடையும் என்று, படிப்படியாகப் பழக்குவார்கள். செத்ததை உடனுக்குடன் எடுத்து எறிந்து, மற்றவற்றுக்கு நீர் கெடாமல் காப்பார்கள். ஆர்கன்சா மாநிலத்து லோனோக் வட்டாரத்திலே இரைமீன் வளர்ப்பதற்கென்றே பெரும் பண்ணைகள் இருக்கின்றன. பல குடும்பங்கள் அதிலே பிழைக்கின்றன.

இந்தப் பேணுதல் புதிதுமல்ல. 1653-ஆம் ஆண்டிலே ஐசக் வால்டன் என்ற ஆங்கிலேயர் தூண்டிற்கலையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலிலேயே, உயிருள்ள தவளையை முள்ளிலே கோக்கும் முறையைச் சொல்லும்போது, அது நெடுநேரம் உயிரோடிருக்கும்படி மென்மையாகக் கையாளவேண்டும் என்று புத்தி சொல்லியிருக்கிறார்.

இந்த மென்மைக்கு என்ன பெயர் கொடுப்பது? இதை இரக்கம் என்று சொல்லலாமா? கூடாது என்பதே நம் கருத்து. இரக்கம் என்பது அந்த உயிரின் நலத்துக்காக நம் மனத்திலே எழுவது. பேணுதல் என்பது அந்தப் பொருளால் நமக்கு ஆகவேண்டிய காரியத்துக்காக நாம் செய்வது. அரிசி மூட்டையை ஈரம் படாமல் அடுக்குகிறோம். அரிசியின்மேல் இரக்கப்பட்டா அடுக்குகிறோம்? இரண்டு செயல்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கை ஒன்றுதான், நோக்கம் வேறு.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. காரியம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். மாலையாகிறது, தூண்டிலைச் சுருட்டியாகிவிட்டது. வாளியிலே இன்னும் ஒரு டஜன் பொடிமீன்கள் உயிரோடு நீந்துகின்றன. காலையிலிருந்து அவற்றுக்குக் காற்று ஊதிய கருவியை இப்போது நிறுத்துகிறார்கள். ஏரியிலே விட்டுவிடலாமே என்றால், பல மாநிலங்களிலே சட்டம் அதைத் தடுக்கிறது. தடுப்பதிலே நியாயமும் இருக்கிறது. ஓர் ஊர் மீனை வேறோர் ஊர் நீரிலே விட்டால் அந்நிய இனமும் நோயும் பரவும். 2005, 2006 ஆண்டுகளிலே அமெரிக்காவின் பேரேரிகளில் 'வி.எச்.எஸ்.' என்னும் வைரஸ் நோயினால் ஏராளமான மீன்கள் செத்து மிதந்தன. 2006-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் உயிர்மீன்களை அப்பகுதியிலிருந்து வெளியே கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆகவே மிச்சமான மீன்கள் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. காலையிலே பிள்ளையைப்போல் காத்த உயிர், மாலையிலே குப்பை! காலையிலே நடந்தது இரக்கமாக இருந்திருந்தால், மாலையிலே அது எங்கே போயிற்று?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1967-ஆம் ஆண்டு ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சாவின் பீவர் ஏரியிலே பாஸ் பிடிக்கும் போட்டி நடத்தினார்; அதையொட்டி ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார். 1972-ஆம் ஆண்டு முதல் அச்சங்கம், பிடித்த பாஸைக் கொல்லாமல் உயிரோடு திரும்ப விடவேண்டும் என்ற இயக்கத்தை வளர்த்தது. அது நல்ல காரியமே. இன்று பொடிமீனை இரையாக்குவோரிலும் பலர், பிடித்த பாஸை நனைந்த கையால் தாங்கி, அது மூச்சுத் தெளியும்வரை காத்திருந்து நீரிலே விடுகிறார்கள். அந்தப் பாஸை வரவழைக்க உயிர்விட்ட பொடிமீனை எவரும் கணக்கிலே சேர்ப்பதில்லை. பெரியதற்கு ஓர் அவுன்ஸ் பிசகாத தராசு. சிறியதற்குத் தராசே கிடையாது! பெரிய வாடிக்கைக்காரருக்கு நாற்காலி போட்டு, காற்பலம் சர்க்கரை வாங்க வந்த சிறுவனை வெயிலிலே நிறுத்தும் கடையை நாம் கண்டதில்லையா? இதுவும் அந்த நீதிதான்.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. மீனுக்கு வலியே தெரியாதே என்பது முதல் மறுப்பு. 2002-ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரோஸ் என்ற அமெரிக்க அறிஞர், மனிதனுக்கு வலியை உணர்த்தும் மூளைப்பகுதி மீனுக்கு இல்லை; ஆதலால் நாம் அறியும் வலி அதற்கு இருக்க முடியாது என்று வாதித்தார். அடுத்த ஆண்டே லின் ஸ்னெடன் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் பிரிட்டனிலே செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். டிரவுட் மீனின் உதட்டிலே தேனீயின் நஞ்சையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தபோது, மீன் நெடுநேரம் இரையைத் தொடவில்லை. அமிலம் ஏறிய மீன் உதட்டைக் கூழாங்கற்களிலே தேய்த்தது என்று அவர்கள் கண்டார்கள். வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. தீராத வழக்கிலே நாம் எந்தப் பக்கம் சாய்வது? நிறுவையிலே ஐயம் வந்தால், நேர்மையான வியாபாரி தன் பக்கத்துக்கா சாய்ப்பான்? ஒரு பிடி கூடப் போட்டு வாங்குபவர் பக்கம் சாய்ப்பான். பேசும் வாயில்லாத உயிரின் பக்கமே ஐயத்தின் பலன் சேரவேண்டும்.

பெரிய மீன் சிறிய மீனைத் தின்பது இயற்கைதானே என்பது இரண்டாவது மறுப்பு. உண்மை. ஆனால் இயற்கையிலே சிறிய மீனுக்கு ஓடும் வழி திறந்திருக்கிறது. முள்ளிலே கோத்தவுடன் அந்த வழியை நாம் அடைத்துவிடுகிறோம். அது ஓட முயல்வதையே தூண்டிலின் கவர்ச்சியாக்கிவிடுகிறோம். இதை இயற்கையின் தலையிலே சுமத்துவது நியாயமல்ல.

வேறு வழியில்லையே என்பது மூன்றாவது மறுப்பு. பசிக்கு மீன் பிடிப்பவன் அப்படிச் சொன்னால் நாம் வாய் திறக்கமாட்டோம். விளையாட்டுக்குப் பிடிப்பவர் சொல்வதுதான் பொருந்தவில்லை. மேலே சொன்ன சங்கத்தின் போட்டிகளிலே செயற்கை இரை மட்டுமே அனுமதி. அதைக் கொண்டே பெரும் மீன்களைப் பிடிக்கிறார்கள். ஈயத்தலை முள்ளை ஆழத்திலே மெல்ல அசைத்தும், நடுநீரிலே அசையாமல் தொங்கும் பொய்மீனை நிறுத்தி நிறுத்தி இழுத்தும், கடுங்குளிரிலும் பாஸைப் பிடிக்கலாம். பொறுமை அதிகம் வேண்டும், அவ்வளவுதான். ஸ்காட்லாந்து, நார்வே போன்ற நாடுகள் உயிர்மீனை இரையாக்குவதைச் சட்டத்தாலேயே தடுத்திருக்கின்றன. அங்கேயும் மக்கள் தூண்டிலிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உயிர்மீனைத்தான் பயன்படுத்துவேன் என்பவரும் சிலவற்றைச் செய்யலாம். தேவைக்குமேல் வாங்காதிருக்கலாம். மிச்சமானதை மூச்சுத்திணறிச் சாகவிடாமல், நொடியிலே முடித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் செய்வதற்கு இரக்கம் என்று பெயர் சூட்டாதிருக்கலாம். பெயரைச் சரியாகச் சொல்பவன் ஒருநாள் செயலையும் சரிசெய்வான். பேரேட்டிலே செலவை வரவென்று எழுதுகிறவனோ, கடை மூழ்கும் நாள்வரை தன் நஷ்டத்தை அறியமாட்டான்.

குளிர்ந்த ஏரிகள் நமக்கு வெகுதூரம். ஆனால் அந்த வாளி தூரத்திலே இல்லை. கடைச் சிப்பந்திக்கு வேளைக்குச் சோறு போடுகிறோம். காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். அவன் நாளைக்குக் கல்லாவிலே நிற்கவேண்டுமே என்பதற்காகவா, அவன் நம்மைப்போல் ஒரு மனிதன் என்பதற்காகவா? சோறும் மருந்தும் இரண்டு நோக்கத்துக்கும் ஒன்றுதான். வயது முதிர்ந்து அவன் கை ஓய்ந்த பிறகு நாம் அவனுக்கு என்ன செய்கிறோம் என்பதிலேதான் விடை இருக்கிறது. பொடிமீனிலே இந்தக் கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தவன் மனிதனிடத்திலே தவறமாட்டான். ஆகவே, நம் ஆதரவிலே இருக்கும் ஒவ்வோர் உயிரையும் எண்ணி, நாம் பேணுகிறோமா, இரங்குகிறோமா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோமாக!