தலைமுறை சாபமா? சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள்!



"பாஸ்டர், எங்க அம்மாவுக்கும் ரத்தம் இல்ல, எனக்கும் இல்ல, இப்ப என் மகளுக்கும் இல்லைன்னு டாக்டர் சொல்றாரு. இது தலைமுறை சாபம், ஜெபம் பண்ணி முறிச்சு விடுங்க" என்று கண்ணீரோடு வருகிற தாய்மார்கள் அநேகர். நான் ஜெபிக்கிறேன். இயேசுவின் நாமத்தில் முறியாத கட்டு இல்லை. ஆனால் ஜெபித்து முடித்தபின் ஒரு கேள்வியும் கேட்கிறேன். "அம்மா, உங்க வீட்டுல கடைசியா சாப்பிடுறது யாரு?" பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நான்தான் பாஸ்டர். எங்க அம்மாவும் அப்படித்தான்."

பிரியமானவர்களே, சத்துரு அங்கேதான் ஒளிந்திருக்கிறான்!

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இரத்தம் குறைந்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்க ஏதுவுண்டு. இரண்டரை கிலோவுக்கும் குறைவாய்ப் பிறந்த பெண்பிள்ளை, அதே வீட்டில் அண்ணன் தின்றது போக மிஞ்சியதைத் தின்று வளருகிறாள். வகுப்பில் தலைசுற்றுகிறது, பாடம் ஏறவில்லை. படிப்பு நிற்கிறது, சீக்கிரம் கல்யாணம், பிறகு கூலி வேலை. அவள் வயிற்றிலும் எடை குறைந்த ஒரு பிள்ளை. தகப்பன் கூலியில் பாதியை மதுக்கடையில் கொட்டினால் கேட்கவே வேண்டாம். வியாதியும் வறுமையும் கைகோத்துக்கொண்டு பாட்டியிலிருந்து பேத்திக்கு இறங்குகிறது.

தேவனுடைய சிருஷ்டிப்பைப் பாருங்கள். பெண்குழந்தை தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் உண்டாகிவிடுகின்றன. அப்படியானால், உங்கள் பாட்டி உங்கள் தாயைச் சுமந்தபோதே நீங்கள் உருவான வித்தும் அந்தக் கர்ப்பத்துக்குள் இருந்தது! ஒரு கர்ப்பவதி சாப்பிட உட்காரும்போது மூன்று தலைமுறை பந்தியிருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து தேசத்தில் யுத்தத்தினால் கொடிய பஞ்சம் வந்தது. அந்நாட்களில் கர்ப்பத்தில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் மருத்துவர்கள் சோதித்தார்கள். சர்க்கரையைத் தாங்கும் சக்தி அவர்கள் சரீரத்தில் குறைந்திருந்தது. பஞ்சம் சில மாதம், அதன் தழும்போ அரை நூற்றாண்டு!

இப்போது வேதத்துக்கு வாருங்கள். ரூத் மோவாபியப் பெண். உபாகமம் 23:3ன்படி மோவாபியனுக்குப் பத்தாம் தலைமுறையிலும் சபையில் இடமில்லை. தலைமுறை சாபம் என்று சொல்ல அவளைவிட யாருக்குக் காரணம் உண்டு? ஆனால் போவாஸ் என்ன செய்தான்? ரூத் 2:14ஐ வாசித்துப் பாருங்கள். வயலின் எஜமான், பரதேசியும் விதவையுமான அவளைச் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டு உட்காரவைத்து, வறுத்த தானியத்தைக் கொடுத்தான். அவள் திருப்தியாய்ச் சாப்பிட்டாள். மீதியாய் வைத்ததை மாமியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மருமகளும் பசியாறினாள், மாமியாரும் பசியாறினாள்! அந்த ரூத்தின் மகன் ஓபேத், அவன் மகன் ஈசாய், அவன் மகன் தாவீது. பத்துத் தலைமுறைக்குத் தடைபட்டவளின் மூன்றாம் தலைமுறையில் ஒரு ராஜா! அல்லேலூயா!

ஆகையால் சகோதரர்களே, குடும்பத் தலைவன் நீ என்றால் போவாஸாய் இரு. இன்று இரவே மனைவியையும் மகளையும் உன்னோடு உட்காரவைத்து உன் கையாலே பரிமாறு. முட்டையோ மீனோ கீரையோ, மகனுக்கு வைத்த அளவு மகளுக்கும் வை. மாமியார்மாரே, உங்களுக்கு நடந்ததை மருமகளுக்கு நடத்தாதிருங்கள்.

கர்ப்பவதிகளான சகோதரிகளே, உபவாச ஜெபத்துக்கு வாருங்கள். ஆனால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்! கர்த்தர் உங்கள் ஜெபத்தைக் கேட்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாய்த் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை "விசுவாசம் போதும்" என்று பெட்டியில் பூட்டி வைக்காதிருங்கள். பவுலோடு ஊழியம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் அல்லவா? மாத்திரையை ஜெபித்து விழுங்குங்கள்.

பிதாக்களின் பாவத்துக்காகப் பிள்ளைகள் சாகவேண்டியதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் போதிக்கிறது. சிலுவையில் சாபம் முறிந்தாயிற்று. பழைய பழக்கத்தை முறிக்கிறது நம்முடைய கீழ்ப்படிதல்.

ஜெபிப்போமா? பரம பிதாவே, எங்கள் சமையலறையிலும் நீரே ராஜாவாயிரும். எங்கள் பெண்பிள்ளைகள் பசியாறி, பெலன்கொண்டு, எழும்பிப் பிரகாசிக்கும்படி செய்யும். எங்கள் பேரப்பிள்ளைகள் எங்களை நன்றியோடு நினைக்கும்படி எங்கள் வீட்டை இன்றே கட்டும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.